பதினோராவது தட்டு

என் பயணப் பையில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பெட்டி எப்போதும் இருக்கும். மூக்குக் கண்ணாடிக் கூட்டைவிடக் கொஞ்சம் பெரியது. உள்ளே ஒரு சிறு குப்பியில் வெள்ளைப் பொடி, பக்கத்தில் தண்ணீர் நிரப்பிய ஊசி. குளுக்ககான் என்று பெயர். நான் முப்பது வருடத்துக்கு மேலாக இன்சுலின் போடுகிற சர்க்கரைக்காரன். இன்சுலினை நானே போட்டுக்கொள்வேன். அது கொஞ்சம் கூடிப்போய், ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கி, நினைவு தப்பிவிட்டால் என்னைத் திருப்பிக் கொண்டுவர இருப்பது இந்தப் பெட்டிதான். நினைவு தப்பியவன் எழுந்து தனக்குத் தானே ஊசி போட்டுக்கொள்ள முடியாது. ஆகவே இது நான் சுமந்து, இன்னொருவர் போட வேண்டிய மருந்து. மலேசியாவில், கிள்ளானில், அந்த இன்னொருவர் என் மனைவி சரோஜா.

இந்த முறை அவளால் வர முடியவில்லை. எங்கள் சாப்பாட்டுக் கடையை ஒரு வாரம் மூடினால் வாடிக்கையாளர்களுக்கு எதிர்க்கடை பழகிவிடும். அதனால் ஒரு கட்டளை போட்டாள். நான் எந்த ஊரில் தங்கினாலும் அங்கே ஒருவருக்காவது பெட்டியைத் திறந்து காட்டிக் கற்றுக்கொடுக்க வேண்டும். "வெக்கமா இருந்தா போகாதீங்க, வீட்டிலேயே இருங்க," என்றாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் போகாமல் இருக்க முடியாது. செல்வத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

செல்வம் எங்கள் கடையில் ஒன்பது வருடம் ரொட்டி சானாய், அதாவது மலேசியப் புரோட்டா, தட்டியவன். கள்ளக்குறிச்சி கருணாபுரத்துக்காரன். 2024-இல் அந்தப் பகுதியில் விஷச் சாராயம் குடித்துப் பலர் செத்தபோது அவனுடைய அண்ணன் ஏழுமலையும் செத்துப்போனார். செய்தி வந்த அன்றே மாவு பிசைந்த கையோடு கிளம்பினான். திரும்பி வரவில்லை. அண்ணன் குடும்பத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஊரிலேயே ஒரு புரோட்டாக் கடை போட்டுவிட்டான். இப்போது மகளுக்குக் காதுகுத்து, கல்வராயன் மலையில் ஒரு கோயிலில் வேண்டுதல், நீங்கள் வந்தே ஆக வேண்டும் என்று போனில் பிடிவாதம் பிடித்தான். அவன் அண்ணன் சாவுக்குத்தான் போக முடியவில்லை, நல்ல காரியத்துக்காவது போவோம் என்று கிளம்பினேன்.

உளுந்தூர்பேட்டையில் நான் கற்ற முதல் பாடம், சென்னையிலிருந்து திருச்சி போகும் பஸ் ஊருக்குள் வராது என்பது. நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். லாரிகளுக்கு நடுவே சூட்கேசை இழுத்துக்கொண்டு, எங்கள் ஊரில் இப்படி ஒரு சாலையோரம் நடந்தால் போலீஸ் வந்து விசாரிக்குமே என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். இங்கே விசாரித்தவர் ஒரு லாரி டிரைவர். "எங்கங்க போவணும்? இந்த வெயில்ல பொட்டிய இய்த்துக்கினு?" என்று கேட்டு, அவரே ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தி ஏற்றிவிட்டார்.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் புரோட்டா சாப்பிட்டேன். தொழில்காரன் என்பதால் குறை கண்டுபிடிக்கும் எண்ணத்தோடுதான் உட்கார்ந்தேன். அடுக்கு அடுக்காகப் பிரிந்தது. சால்னாவில் சோம்பு வாசனை தூக்கியது. குறை சொல்ல ஒன்றும் இல்லாததால் எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. பயணத்தில் எனக்கு ஒரு விதி உண்டு. சாப்பாடு இலையில் விழுந்த பிறகுதான் இன்சுலின். சமையல்கட்டிலிருந்து "ரெடி, ரெடி" என்று வரும் குரலை நம்பக் கூடாது. அந்தக் குரலை நானே முப்பது வருடமாகக் கொடுத்துவருகிறேன்.

கள்ளக்குறிச்சி பஸ்ஸில் கண்டக்டருக்கும் என் சூட்கேசுக்கும் தகராறு. மேலே வைக்க முடியாது, வழியில் வைக்கக் கூடாது என்றார். "அப்ப நான் எங்க வைக்கட்டும்?" என்றேன். "மடியில வெச்சிக்கினு உக்காருங்க, கொழந்தன்னு நெனச்சிக்கங்க," என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. மடியில் சூட்கேசோடு கரும்புத் தோட்டங்களையும் மரவள்ளிக் காடுகளையும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு போனேன்.

கள்ளக்குறிச்சியில் இறங்கியதும், கையில் இன்னொரு பெட்டி இருந்தால் நல்லது என்று ஒரு மருந்துக் கடையில் குளுக்ககான் கேட்டேன். கடைக்காரர் பெயரை எழுதிக் காட்டச் சொல்லி, ரொம்ப நேரம் பார்த்தார். "இன்சுலின் எவ்ளோ வேணா தர்றேங்க. இது யாரும் கேக்கறது இல்ல, கேட்டா சென்னையிலருந்துதான் வரவைக்கணும்," என்றார். நியாயந்தான், இரண்டு நாளில் கிளம்புகிறவனுக்கு வரவழைத்து என்ன செய்வது? ஒரு பொட்டலம் குளுக்கோஸ் தூளைக் கையில் கொடுத்து, "பாத்து இருங்க," என்று சொல்லி அனுப்பினார்.

செல்வத்தின் வீடு சிறியது. முன்னறை, சமையல்கட்டு, பின்னால் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் காதுகுத்துக்குப் பந்தல் கால் நட்டிருந்தார்கள். செல்வத்தின் மனைவி தனம் என் மகள் வயதுப் பெண். நான் சாப்பிடாமல் வந்திருப்பேன் என்பதுபோல், என்னைப் பார்த்ததும் சமையல்கட்டுக்குள் ஓடினாள். கொட்டகைப் பக்கத்திலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "வாங்கண்ணா," என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றவர் ராணி, ஏழுமலையின் மனைவி.

மாலையில் சரோஜாவின் கட்டளையை நிறைவேற்றினேன். செல்வத்துக்கு மட்டும் காட்டலாம் என்று பெட்டியைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் உட்பட ஒரு கூட்டமே கூடிவிட்டது. "மலேசியா மருந்தா?" என்று கேட்டார்கள். நான் ஊசிமூடியைத் தொடாமல், பாவனையாகவே செய்து காட்டினேன். இந்தத் தண்ணீரை அந்தப் பொடிக்குள் செலுத்த வேண்டும். சுழற்றிக் கலக்கி, தெளிந்ததும் திரும்ப ஊசியில் இழுக்க வேண்டும். தொடையில் குத்த வேண்டும். பிறகு ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், ஏனென்றால் வாந்தி வரும். மயக்கத்தில் இருப்பவன் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். செல்வம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அவன் தலையாட்டல் எனக்குத் தெரியும். கடையிலும் அப்படித்தான் ஆட்டுவான், பிறகு தன் இஷ்டப்படி செய்வான்.

கேள்வி கேட்டது ராணி மட்டுந்தான். கூட்டத்துக்குப் பின்னால் கதவோரம் நின்றுகொண்டு கேட்டார். "ஏங்கண்ணா, தூங்கறவருக்கும் மயக்கத்துல கீறவருக்கும் இன்னா வித்தியாசம்? பாத்தா எப்டி தெரியும்?"

"எழுப்பிப் பாக்கணும்மா. கூப்பிட்டு, உலுக்கி, கிள்ளிப் பாக்கணும். எழலைன்னா தூக்கம் இல்ல."

"எழுப்பி அவரு சும்மா தூங்கிக்கினு இருந்தா?"

"திட்டுவார். அவ்வளவுதானே?"

ராணி பிறகு எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை எனக்காகச் சொல்வதுபோல் சொன்னார். "எங்க வூட்டுக்காரரு வந்து படுத்தாரு. வேல செஞ்ச அலுப்புல தூங்கறாருன்னு போர்வ போத்தி வுட்டேன். எழுப்பல." ஊசி போட்ட பிறகு கண் விழிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அடுத்த கேள்வியைக் கேட்டார். உடனே விழிக்க மாட்டேன், கால் மணி நேரம்கூட ஆகலாம், பயப்படக் கூடாது என்றேன்.

மறுநாள் காலை தனம் எனக்குக் காப்பி கொடுத்தபடி மெல்லப் புலம்பினாள். அக்கா தூங்குவதே இல்லையாம். படுத்திருக்கும் ஒவ்வொருவர் மூக்கிலும் கை வைத்துப் பார்ப்பாராம். செல்வம் பகலில் கண்ணயர்ந்தாலும் தட்டி எழுப்பிவிடுவாராம். "டாக்டரு மாத்திர குடுத்தாருண்ணா. போட்டுக்கவே மாட்டேங்குது. நான் தூங்கிட்டா யாரு பாப்பாங்கன்னு கேக்குது," என்றாள். வெயில் ஏறுவதற்கு முன்பே சிவப்புப் பெட்டியை வாங்கி, மருந்தில் சூடு ஏறாமல் இருக்க ஒரு ஈரத் துணியில் சுற்றி, கூடையில் பத்திரமாக வைத்தாள். மலைக்கு எடுத்துப் போகும் கூடை அது.

இரண்டு வேன்களில் கிளம்பினோம். முதல் வேனில் நாங்கள். தாய்மாமன், அதாவது தனத்தின் அண்ணன், ஆட்டோடும் கம்மலோடும் பின்னால் வருவதாக ஏற்பாடு. தனத்தின் சித்தி திருநாவலூரிலிருந்து அன்று விடியற்காலையில்தான் வந்து சேர்ந்திருந்தார். பழம், கற்கண்டு, வளையல், பாவாடை என்று தாய் வீட்டுச் சீரை எங்கள் வேனிலேயே ஏற்றிக்கொண்டு வந்தார். வளைவுகளில் வேன் சாயும்போதெல்லாம் அவர் சீரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், நான் அவரைத் தாண்டி ஜன்னலைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். குழந்தைகள் என்னைச் சுற்றி உட்கார்ந்து, என் சட்டைப் பையில் இருந்த மலேசிய மிட்டாய்களை ஒவ்வொன்றாகக் காலி செய்தார்கள். அவை என் அவசரத்துக்கு வைத்திருந்தவை. குளுக்கோஸ் பொட்டலமோ சூட்கேசில், வீட்டில் இருந்தது.

மேலே ஏற ஏறக் காற்று மாறியது. கீழே அனல், மேலே விசிறி போட்டதுபோல் இருந்தது. மலேசியாவில் கேமரன் மலைக்குப் போகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ளவே போவார்கள். இங்கே சாமை வயலில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கோயில் என்றால் சுவரோ கோபுரமோ இல்லை. பெரிய மரத்தடியில் வேல்கள், ஒரு மேடை, பக்கத்தில் தகரக் கொட்டகை. கொட்டகைக்கு அந்தப் பக்கம் மூன்று அடுப்புகள். ராணி இறங்கியதும் நேராக அடுப்புப் பக்கம் போய்விட்டார். சீர்த்தட்டுப் பக்கமே வரவில்லை. தாலி அறுத்தவர் சுப காரியத்தில் முன்னால் நிற்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இல்லாத அளவுக்கு அவரே ஒதுங்கிக்கொண்டார்.

கொட்டகையில் இலை போட்டார்கள். என்னைக் கையைப் பிடித்து முதல் ஆளாக உட்கார வைத்தார்கள். தண்ணீர் தெளித்தாயிற்று, உப்பு வைத்தாயிற்று, ஒரு ஓரத்தில் கேசரிகூட வரப்போகிறது என்று கரண்டியோடு ஆள் நடந்து வந்தார். நான் திரும்பி உட்கார்ந்து இன்சுலினைப் போட்டுக்கொண்டேன். அந்த நேரத்தில்தான் வெளியே ஒரு குரல் கேட்டது. "தாய்மாமன் இன்னும் வரலியே, காதே குத்தல, யாருய்யா பந்தி போட்டது?"

கேசரிக் கரண்டி திரும்பிப் போனது. இலைகளைச் சுருட்டினார்கள். தாய்மாமனின் வண்டி கொண்டை ஊசி வளைவில் நின்றுவிட்டதாம். இதோ வந்துவிடும் என்றார்கள். செல்வம் ஒரு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பார்க்கப் போனான்.

ஒரு வாழைப்பழம் கேட்டிருந்தால் ஒரு சீப்பே கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. முதலில் கூச்சம். சாமி கும்பிடுவதற்கு முன், மாமன் வருவதற்கு முன், வந்த விருந்தாளி சோறு கேட்டான் என்று ஆகக் கூடாது. பிறகு கூச்சமும் போய்விட்டது. சர்க்கரை இறங்கும்போது முதலில் போவது புத்தி. எனக்கு நன்றாக இருப்பதாகவே தோன்றியது. காற்று வாங்கலாம் என்று ஒரு நாவல் மரம் வரை நடந்தேன். வெயில் இலைகளில் ரொம்ப அழகாக விழுகிறது என்று நினைத்தது நினைவிருக்கிறது.

அதன் பிறகு நடந்த எதையும் நான் பார்க்கவில்லை. இந்தப் பயணத்தின் முக்கியமான இடத்தில் பயணி ஊரில் இல்லை. தனமும் வேன் டிரைவரும் சித்தியும் சொன்னதை ஒட்டிவைத்துத்தான் எழுதுகிறேன்.

நாவல் மரத்தடியில் நான் கிடந்ததை நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள். "பாவம், பிளேன்ல வந்த அலுப்பு," என்று ஒருவர் என் தலைக்குக் கீழே துண்டை மடித்து வைத்திருக்கிறார். ஈ மொய்க்காமல் இருக்க முகத்தில் கைக்குட்டை போட்டிருக்கிறார் இன்னொருவர். பாட்டு போட்டுக்கொண்டிருந்த மைக்செட் குழாயை, விருந்தாளி தூக்கம் கெடும் என்று வேறு பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் போகாதே என்று அதட்டியிருக்கிறார்கள். இவ்வளவு அன்பாக யாரும் என்னைச் சாகவிட்டதில்லை.

தண்ணீர்க் குடத்தோடு அந்த வழியாக வந்த ராணி நின்றிருக்கிறார். மலைக் காற்று சில்லென்று அடிக்கிறது, என் சட்டை மட்டும் பிழிந்தால் தண்ணீர் வரும்போல நனைந்திருக்கிறது. "அண்ணா," என்று கூப்பிட்டிருக்கிறார். பதில் இல்லை.

"தூங்கறவர ஏன்க்கா எழுப்பற? வுடு," என்றாராம் வேன் டிரைவர்.

"தூங்கறாருன்னு எங்கிட்ட சொல்லாத நீ," என்று ராணி குடத்தைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தாராம். கைக்குட்டையை எடுத்து வீசி, கன்னத்தில் தட்டி, தோளை உலுக்கி, கடைசியில் கையில் கிள்ளியிருக்கிறார். அந்தக் கிள்ளலின் அடையாளம் ஊருக்கு வந்த பிறகும் நீலமாக இருந்தது. நான் அசையவில்லை. "தனம்!" என்று அவர் போட்ட சத்தத்தில் மைக்செட்காரர் பாட்டையே நிறுத்திவிட்டார்.

கூட்டம் ஓடி வந்தது. யாரோ ஒரு சொம்பில் வெல்லத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்து என் வாயருகே கொண்டுபோக, ராணி சொம்பைத் தட்டிவிட்டிருக்கிறார். "ஊத்தாத! நெஞ்சில போயிடும்னு நேத்து சொன்னாரில்ல? செவப்புப் பொட்டி எங்க?"

"கூடையில வெச்சேன்க்கா," என்று தனம் ஓடினாள். கூடையில் ஈரத் துணி இருந்தது. பெட்டி இல்லை. என் தோள்பையைக் கவிழ்த்தார்கள். வேன் இருக்கைக்கு அடியில் பார்த்தார்கள். தனம் அழ ஆரம்பித்துவிட்டாள். டிரைவர் வேனைக் கிளப்பித் திருப்பினார். ஒருவர் சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறி நின்று ஆம்புலன்சுக்குப் போன் போட்டார். கீழே போக எவ்வளவு நேரம் ஆகும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அப்போதுதான் சித்தி, "செவப்புன்னா... அந்த நகப் பொட்டியா?" என்று கேட்டிருக்கிறார்.

சீர்த்தட்டு ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். சித்தி கொண்டுவந்த சாமான்களைப் பரப்பி அடுக்கியபோது பத்துத் தட்டுதான் வந்தது. இன்னொன்றுக்கு என்ன வைப்பது என்று தேடியவர் கண்ணில், கூடையில் ஈரத் துணிக்குள் ஒரு பளபளப்பான சிவப்புப் பெட்டி பட்டிருக்கிறது. மலேசியாவிலிருந்து வந்த பெரிய மனிதர் குழந்தைக்குக் கொண்டுவந்த நகை, யாரோ பத்திரமாகச் சுற்றி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். திறந்து பார்ப்பது மரியாதை இல்லை. பெட்டிக்குப் பொட்டு வைத்து, தட்டில் வெற்றிலை பரப்பி, நடுவில் அதை நிறுத்தி, கண்ணாடித் தாள் சுற்றி, ரிப்பன் கட்டி, பதினோராவது தட்டாகச் சாமிக்கு முன்னால் வைத்துவிட்டார். வீட்டு ஆட்களில், முந்தின நாள் நான் நடத்திய பாடத்தில் இல்லாத ஒரே ஆள் அவர்.

எல்லோரும் மேடைக்கு ஓடினார்கள். ராணி தட்டை நோக்கிக் குனிய, சித்தி பழக்கத்தில் சொல்லிவிட்டார். "நீ தொடாதம்மா, நானே எட்த்துத் தரேன்." சொல்லிவிட்டு, தாள் கிழியாமல் ரிப்பன் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். அவசரத்தில் முடிச்சு இறுகியது.

ராணி எல்லோருக்கும் முன்னால், சாமிக்கும் முன்னால், அந்தத் தட்டில் கை வைத்துத் தாளைக் கிழித்தார். வெற்றிலை சிதறியது. பெட்டியோடு ஓடினார்.

முந்தின நாள் பாவனையில் பார்த்ததை அவர் நிஜத்தில் செய்தார். தண்ணீரைப் பொடிக்குள் செலுத்தி, கலங்கல் தெளிகிறதா என்று குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, திரும்ப ஊசியில் இழுத்தார் என்று தனம் சொன்னாள். தனம் என் காலைப் பிடித்துக்கொள்ள, வேட்டியோடு சேர்த்துத் தொடையில் ஊசியை இறக்கினார். என்னைப் புரட்டி ஒருக்களித்துப் படுக்க வைத்தார்.

நான் எழவில்லை. எல்லோரும் ஊசி இறங்கியதும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள். "ஏறலியோ? தப்பா போட்டியோ?" என்று யாரோ கேட்டாராம். ராணி என் மூக்கருகே கை வைத்துக்கொண்டு, "எழுந்திருங்கண்ணா, அண்ணா, எழுந்திருங்க," என்று ஒரே சீராகச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். தன் கணவனிடம் அன்று சொல்லாமல் விட்டதையும் சேர்த்துச் சொல்கிறார் என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. யாரும் அவரை நிறுத்தவில்லை.

எனக்கு முதலில் திரும்பி வந்தது அந்தக் குரல்தான். பிறகு குமட்டல். ராணியின் சேலைமேலேயே வாந்தி எடுத்தேன். அவர் நகரவில்லை. "பேரு இன்னா, சொல்லுங்க," என்றார். "கடை திறந்தாச்சா?" என்று கேட்டேனாம். சித்தி ஓவென்று அழுதுவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைச் சுற்றி முப்பது நாற்பது முகங்கள் தெரிந்தன. கல்யாணத்தில்கூட என்னை அத்தனை பேர் அவ்வளவு ஆசையாகப் பார்த்தது கிடையாது.

விழுங்க முடிகிறது என்று தெரிந்த பிறகு வெல்லத் தண்ணீர் கொடுத்தார்கள். அப்புறம் பழம், அப்புறம் சோறு. தாய்மாமன் வருவதற்கு முன் அந்தக் கோயிலில் சாப்பிட்ட முதல் மனிதன் நான்தான் என்று பூசாரி சிரித்தார். ஆம்புலன்ஸ் வந்து, விரலில் குத்திப் பார்த்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சிறிது நேரம் படுக்க வைத்து, சர்க்கரை திரும்ப இறங்காது என்று உறுதி செய்துகொண்டுதான் விட்டார்கள். ஊசி போட்டது யார் என்று அங்கிருந்த நர்ஸ் கேட்டார். அதற்குள் திரும்பி வந்து ஆம்புலன்சில் கூட ஏறியிருந்த செல்வம், "எங்க அண்ணி," என்றான்.

நான் கோயிலுக்குத் திரும்பி வரும்வரை காது குத்தாமல் காத்திருந்தார்கள். தாய்மாமன் வந்து சேர்ந்திருந்தார். வண்டி நின்றதற்காக என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். சித்தி தட்டுகளை மறுபடி அடுக்கிவிட்டு, "இப்ப பத்து ஆயிடிச்சே," என்று கவலையோடு நின்றார். ராணி வேறு சேலை மாற்றிக்கொண்டு அடுப்புப் பக்கம் வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. விருந்தாளியாக வந்த இடத்தில் என்ன பேசுவது என்று தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பேச வேண்டியிருக்கவில்லை. தனம் அந்தக் காலித் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாள். "அக்கா, இதுல இன்னாத்தயாவது வெச்சி நீ எட்த்துக்கினு வா. பதினொண்ணு வேணும்."

"நான் வரக் கூடாது தனம்."

"ஒன் கை பட்ட தட்டுதான?"

ராணி சித்தியைப் பார்த்தார். சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாம்மா, நேரம் ஆவுது," என்றார். ராணி சமையல் சாமானிலிருந்து ஒரு வெல்ல உருண்டையை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டு, வரிசையில் கடைசி ஆளாக நடந்து வந்தார். குழந்தை யாழினி மாமன் மடியில் உட்கார்ந்து ஊரே அதிரும்படி அழுதாள். பிறகு நடந்த பந்தியில் போட்ட ஆட்டுக் கறிக்குழம்பு மாதிரி ஒன்றை நான் கிள்ளானில் முப்பது வருடமாகச் செய்ய முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். என் கடையில் அது வராது என்று அன்று ஒப்புக்கொண்டேன்.

சரோஜாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "அந்தப் பொண்ணுகிட்ட போனைக் குடுங்க," என்றாள். இருவரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. ராணி "சரிக்கா, சரிக்கா" என்று மட்டும் சொன்னது கேட்டது.

மறுநாள் காலை நான் கிளம்ப வேண்டும். வாசலில் கார் வந்து நின்றுவிட்டது. ஒழுங்காக நன்றி சொல்ல வேண்டும் என்று நான்கு வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தேன். ராணியைக் காணோம். தனம் வாயில் விரலை வைத்து என்னை முன்னறைக்குள் கூட்டிப்போனாள். தொலைக்காட்சி அலறிக்கொண்டிருந்தது. பந்தல் பிரிப்பவர்கள் மூங்கிலைத் தொம் தொம்மென்று போட்டுக்கொண்டிருந்தார்கள். நடு அறையில், வருவோர் போவோர் தாண்டிப் போகும் இடத்தில், புதுக் கம்மல் போட்ட யாழினியை அணைத்துக்கொண்டு ராணி தூங்கிக்கொண்டிருந்தார்.

"மாத்திர கூட போடலண்ணா. நேத்து வந்து படுத்துது, இன்னும் எழுந்திருக்கல. நானும் எழுப்பாம வுட்டுட்டேன்," என்றாள் தனம். பிறகு சங்கடத்தோடு, "சொல்லிக்காம போவக் கூடாதே. எழுப்பட்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்மா, தூங்கட்டும்," என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, கால் நகரவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். செல்வம் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு போனான். நான் நின்ற இடத்திலேயே நின்று, குழந்தையின் முதுகில் கிடந்த அவருடைய கை மெல்ல எழுந்து தாழ்வதைப் பார்த்தேன். சந்தேகமாக இருந்தது. இன்னொரு முறை எழுந்து தாழும்வரை காத்திருந்தேன். அப்புறந்தான் காரில் ஏறினேன்.